கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்: கோடு போடக் கற்ற கதை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் குழந்தைகள் முதலில் திறப்பது பெயிண்ட் ப்ரோகிராமைத்தான். மவுஸைப் பிடித்து இழுத்தால் கோடு வருகிறது, வட்டம் வருகிறது, வாளியைத் தேர்ந்தெடுத்து கிளிக் செய்தால் நிறம் நிரம்புகிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். 2003-ல் எம்.சி.ஏ. படிக்கும்போது 'கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்' என்று ஒரு பாடம் வந்தது. இனி ஒரு செமஸ்டர் முழுக்கப் படம் வரையலாம், சினிமாவில் வரும் டைனோசர் மாதிரி ஏதாவது செய்து பார்க்கலாம் என்று ஆசையோடு போனேன். முதல் சில வாரங்கள் லேபில் நாங்கள் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். கோடு போட்டோம்.

அந்தக் கோட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. போட்டோவைப் பெரிதாக்கினால் ஏன் கலங்கிப் போகிறது? சாய்ந்த கோடு ஏன் படிக்கட்டு மாதிரி தெரிகிறது? எழுத்து மட்டும் எவ்வளவு பெரிதாக்கினாலும் எப்படித் தெளிவாக இருக்கிறது? வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் வரும் கேள்விகள் இவை. பதில் அந்தக் கோட்டுக்குள் இருக்கிறது. கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். ஒரு கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு எங்கே?

அப்போது எங்களுக்கு லேப் டர்போ சி-யில் நடந்தது. அதில் 'லைன்' என்று ஒரு கட்டளை உண்டு. தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் கொடுத்தால் கோடு வந்துவிடும். முதல் நாளே எங்கள் மேடம், "அந்தக் கட்டளையை யாரும் தொடக்கூடாது. புட்பிக்ஸெல் மட்டும் வைத்துக் கோடு போட்டுக் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டார். புட்பிக்ஸெல் என்பது திரையில் ஒரே ஒரு புள்ளியை மட்டும் ஒளிரவைக்கும் கட்டளை.

ஏன் இந்தக் கெடுபிடி என்று அன்று புரியவில்லை. நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள், புரியும். பெயிண்ட்டைத் திறந்து, பென்சிலைத் தேர்ந்தெடுத்து, சாய்வாக ஒரு கோடு இழுங்கள். பிறகு கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டிப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். கோடு காணாமல் போய்விடும். அது இருந்த இடத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள் படி படியாக அடுக்கியிருக்கும். இந்தச் சதுரங்கள்தான் பிக்ஸெல்கள். உங்கள் மானிட்டருக்குக் கோடு என்றால் என்னவென்று தெரியாது. வட்டம் தெரியாது, எழுத்து தெரியாது, உங்கள் மகன் முகமும் தெரியாது. வரிசை வரிசையாகப் புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் என்ன நிறத்தில் ஒளிர வேண்டும் என்று ஒரு எண் இருக்கிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

எங்கள் லேப் திரையில் குறுக்கே 640 புள்ளிகள், நெடுக்கே 480 வரிசைகள். பெருக்கினால் 3,07,200 புள்ளிகள். ஒவ்வொன்றும் 16 நிறங்களில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்க முடியும். இன்று பரவலாக இருக்கும் 1920-க்கு 1080 திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை போகலாம். ஒரு எண்ணுக்கு ஒரு பைட் வீதம் கணக்குப் போட்டால், ஒரே ஒரு திரைக்காட்சிக்கு 62,20,800 பைட்டுகள் வேண்டும். இதை நொடிக்கு 60 முறை திரைக்கு அனுப்புகிறது உங்கள் கம்ப்யூட்டர். கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி மெமரி எதற்கு என்று கடைக்காரரிடம் கேட்டிருப்பீர்கள். இதற்காகத்தான்.

நிறத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பெயிண்ட்டில் நிறங்களைத் திருத்தும் கட்டத்தைத் திறந்து சிவப்புக்கு 255, பச்சைக்கு 255, நீலத்துக்கு 0 கொடுத்துப் பாருங்கள். மஞ்சள் வரும். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சளா என்று டிராயிங் வகுப்பு நினைவோடு குழம்ப வேண்டாம். அங்கே சாயத்தைக் கலந்தோம். இங்கே வெளிச்சத்தைக் கலக்கிறோம்.

நான் வாங்கிய அடி

சரி, கோட்டுக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் நேர்கோட்டுக்கு ஒரு சமன்பாடு படித்திருப்போம். வலப்பக்கம் ஒரு கட்டம் நகர்ந்தால் மேலே எவ்வளவு ஏற வேண்டும் என்பது சாய்வு. எனக்கு அது மனப்பாடம். ஐந்தே நிமிடத்தில் ப்ரோகிராம் எழுதிவிட்டேன். இடமிருந்து வலமாக ஒவ்வொரு புள்ளியாக நகர வேண்டியது, சாய்வால் பெருக்கி உயரத்தைக் கண்டுபிடிக்க வேண்டியது, அருகில் இருக்கும் முழு எண்ணுக்கு மாற்றிப் புள்ளி வைக்க வேண்டியது. ஓட்டினேன். கோடு வந்தது, ஆனால் மேலே போக வேண்டியது கீழே போனது. திரையில் எண்ணிக்கை இடது மேல் மூலையிலிருந்து தொடங்குகிறது. கீழே போகப் போக எண் கூடும். அதைச் சரிசெய்துவிட்டு மேடத்தை அழைத்தேன்.

அவர் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எண்களை மாற்றினார். கிடைமட்டமாக 3, செங்குத்தாக 8. திரையில் கோட்டுக்குப் பதில் நான்கு புள்ளிகள் தனித்தனியாக நின்றன. "கோடு எங்கேப்பா?" என்றார். அடுத்து நேர் செங்குத்துக் கோட்டுக்கு எண் கொடுத்தார். பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னதால் ப்ரோகிராம் எரர் காட்டி நின்றேவிட்டது. அன்றைக்கு என் ரெகார்டில் கையெழுத்து விழவில்லை.

இதை உங்கள் நோட்டில் போட்டுப் பாருங்கள். இடது கீழ்க் கட்டத்தில் தொடங்கி, வலப்பக்கம் 3, மேலே 8 தள்ளி இருக்கும் கட்டத்துக்குக் கோடு போட வேண்டும். நான் செய்தபடி வலப்பக்கமாக மட்டும் நகர்ந்தால் நிற்பதற்கு நான்கே இடங்கள்தான். அவற்றின் உயரங்கள் 0, 3, 5, 8. ஒன்பது வரிசைகளில் நான்கில்தான் புள்ளி. மற்ற ஐந்தும் காலி. சரியான வழி, செங்குத்தான கோட்டுக்கு வலப்பக்கம் நகராமல் மேல்பக்கம் ஒவ்வொரு வரிசையாக ஏறுவது. எந்தப் பக்கம் நீளமோ அந்தப் பக்கமாக அடி எடுத்து வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் வரிசைக்கு ஒரு புள்ளி நிச்சயம் கிடைக்கும். செங்குத்துக் கோட்டில் பூஜ்யத்தால் வகுக்கும் சிக்கலும் தானாகப் போய்விடும்.

பாக்கிக் கணக்கு

திருத்திக்கொண்டு மறுவாரம் போனேன். கோடு எந்தத் திசையிலும் சரியாக வந்தது. மேடம் விடவில்லை. "பெருக்கலும் தசமமும் இல்லாமல் போடு" என்றார். அப்போதுதான் பிரசன்ஹாம் என்ற பெயரைக் கேள்விப்பட்டேன்.

ஜாக் பிரசன்ஹாம் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1962-ல் அவர் முன்னால் இருந்தது திரை அல்ல, ஐ.பி.எம். 1401 கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த கால்காம்ப் பிளாட்டர். காகிதத்தின் மேல் பேனாவை அடி அடியாக நகர்த்தி வரையும் கருவி அது. தசமக் கணக்கு என்பது அன்றைய கம்ப்யூட்டர்களுக்கு மிகவும் மெதுவான வேலை. அதனால் முழு எண்களைக் கூட்டிக் கழித்தே அடுத்த அடி எங்கே என்று முடிவு செய்யும் வழியை அவர் கண்டுபிடித்தார். 1965-ல் ஐ.பி.எம். சிஸ்டம்ஸ் ஜர்னலில் அது வெளிவந்தது.

அந்த வழியை மளிகைக் கடை பாக்கிக் கணக்கு மாதிரி புரிந்துகொள்ளலாம். இந்த முறை வலப்பக்கம் 8, மேலே 3. நோட்டில் தொடங்கும் கட்டத்தைக் கறுப்பாக்குங்கள். பாக்கி 0. ஒவ்வொரு கட்டம் வலப்பக்கம் நகரும்போதும் பாக்கியில் 3 கூட்டுங்கள். பாக்கி 4-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ ஒரு வரிசை மேலே ஏறிவிட்டு, பாக்கியில் 8 கழியுங்கள். 4 ஏன்? அது 8-ல் பாதி. உண்மையான கோடு அடுத்த வரிசைக்குப் பாதி தூரம் வந்துவிட்டால், இனி மேல் வரிசைதான் கிட்டே இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் அடி: பாக்கி 3. நாலு ஆகவில்லை, அதே வரிசை. இரண்டாவது: 6. ஏறுங்கள், 8 கழித்தால் பாக்கி கழித்தல் 2. மூன்றாவது: 1, அதே வரிசை. நான்காவது: 4. ஏறுங்கள், பாக்கி கழித்தல் 4. ஐந்தாவது: கழித்தல் 1. ஆறாவது: 2. இரண்டுக்கும் அதே வரிசை. ஏழாவது: 5. ஏறுங்கள், பாக்கி கழித்தல் 3. எட்டாவது: 0. கட்டங்களை எண்ணிப் பாருங்கள். சரியாக எட்டு தள்ளி மூன்று உயரத்தில் வந்து நிற்கிறீர்கள். பாக்கியும் பைசல்.

பெருக்கல் இல்லை, வகுத்தல் இல்லை, தசமம் இல்லை. நீளம் 7 மாதிரி ஒற்றைப்படையாக இருந்தால் பாதி மூன்றரை ஆகுமே என்று சிலர் கேட்கலாம். எல்லா எண்களையும் இரண்டு மடங்காக்கிவிட்டால் அரை ஓடிவிடும்; பாட நூல்களில் அப்படித்தான் இருக்கும். அந்த வாரம் ஹாஸ்டலில் உட்கார்ந்து நோட்டில் ஏழெட்டுக் கோடுகள் போட்டேன். கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு முறையும் பாக்கி பூஜ்யமாகும்போது கிடைத்த சந்தோஷம், கம்ப்யூட்டர் வந்த பிறகு எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் ஒன்று. ரெகார்டில் கையெழுத்தும் விழுந்தது.

இடையில் ஒரு தகவல். புள்ளிகளுக்கும் கோடுகளுக்கும் உள்ள உறவு நம் வாசலுக்குப் புதிதல்ல. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் சேர்ந்து 1974-ல் கோலங்களைக் கணித விதிகளாக எழுதிக்காட்டும் ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். அது வந்த இதழின் பெயரே 'கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் அண்ட் இமேஜ் பிராசசிங்'. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றிப் போகும். திரையில் புள்ளிகளே கோடாக நிற்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

படிக்கட்டை மறைப்பது

கணக்கு சரியாக இருந்தாலும் சாய்ந்த கோடு படிக்கட்டாகத்தான் தெரியும். இதற்கு மருந்து உண்டு. கோடு ஒரு சதுரத்தின் பாதியை மட்டும் மூடுகிறது என்றால், அந்தப் புள்ளியை முழுக் கறுப்பாக்காமல் பாதிச் சாம்பல் நிறமாக்குவது. தூரத்தில் இருந்து பார்க்கும் கண் படியைப் பார்க்காமல் சாய்வைப் பார்க்கும். இதற்கு ஆன்ட்டி அலையாசிங் என்று பெயர். புதிய பெயிண்ட்டில் கோடு போடும் கருவியால் ஒரு கோடு இழுத்துப் பெரிதாக்கும்போது ஓரங்களில் மங்கலான புள்ளிகள் தெரிந்தால் இதுதான் காரணம். மைக்ரோசாப்ட் 1998-ல் அறிவித்து, 2001-ல் எக்ஸ்பி-யோடு வந்த கிளியர்டைப் இன்னும் ஒரு படி மேலே போனது. எல்.சி.டி. திரையில் ஒவ்வொரு பிக்ஸெலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டைகள் இருக்கின்றன அல்லவா? அந்த மூன்றையும் தனித்தனியாகக் கையாண்டு எழுத்தின் ஓரத்தைத் திருத்தியது. உங்கள் திரையில் எழுத்துக்கள் கண்ணை உறுத்தினால் விண்டோஸ் தேடல் கட்டத்தில் கிளியர்டைப் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, வரும் மாதிரிகளில் தெளிவானதைத் தேர்ந்தெடுங்கள்.

வளைவு எப்படி வருகிறது?

எழுத்தைப் பெரிதாக்கினால் கலங்குவதில்லை என்றேன். காரணம், பாண்ட் பைலில் 'அ' என்ற எழுத்து புள்ளிக் கூட்டமாக இல்லை. இங்கிருந்து தொடங்கு, இந்தப் பக்கமாக வளை, அங்கே முடி என்று குறிப்புகளாக இருக்கிறது. நீங்கள் அளவை மாற்றும்போதெல்லாம் அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக வரைகிறது கம்ப்யூட்டர். இதை வெக்டர் என்பார்கள். போட்டோ மாதிரி புள்ளிகளாகச் சேமித்தது பிட்மேப்.

வளைவுக்கான கணக்கு கார் தொழிற்சாலையில் பிறந்தது. பிரான்ஸில் சிட்ரோன் நிறுவனத்தில் பால் டி காஸ்டல்ஜோ 1959-ல் இதைக் கண்டுபிடித்தார். நிறுவனம் வெளியே சொல்லவில்லை. ரெனோ நிறுவனத்தில் பியர் பெஸியே தனியாக இதே இடத்துக்கு வந்து, வெளியுலகுக்கும் சொன்னார். அதனால் இன்று பெஸியே வளைவு என்றுதான் பெயர்.

நோட்டில் செய்து பார்க்கலாம். இடது மூலையில் ஒரு புள்ளி. அதிலிருந்து வலப்பக்கம் 8, மேலே 8 தள்ளி இரண்டாவது புள்ளி. முதல் புள்ளிக்கு நேர் வலப்பக்கம் 16 தள்ளி மூன்றாவது. ஒரு கூரை மாதிரி இருக்கும். கூரையின் இரண்டு சரிவுகளிலும் நடுப்புள்ளியைக் குறியுங்கள். இரண்டும் 4 உயரத்தில் வரும். அவற்றை ஒரு கோட்டால் சேர்த்து அந்தக் கோட்டுக்கும் நடுவில் குறியுங்கள். அது வளைவின் மேல் இருக்கும் ஒரு புள்ளி. இப்போது இடப்பாதிக்கு மட்டும் அதே வேலையைச் செய்தால் வலப்பக்கம் 4, மேலே 3 என்ற இடத்தில் இன்னொரு புள்ளி கிடைக்கும். வலப்பாதியில் 12-க்கு 3. இப்படிப் பாதி பாதியாகப் போனால் கூரை உருகி அழகான வளைவாகிவிடும். ட்ரூடைப் பாண்டுகளில் நம் எழுத்துக்களின் சுழிகள் எல்லாம் இப்படி மூன்று மூன்று புள்ளிகளால் ஆன துண்டுகள்தான். கல்யாணப் பேனருக்கு டிசைன் செய்யும்போது எழுத்தையும் சின்னத்தையும் வெக்டராகவே கொடுங்கள் என்று கடையில் கேட்பதும் இதனால்தான்.

டைனோசருக்கும் கடைசி வாரங்களில் வந்து சேர்ந்தோம். முப்பரிமாண உருவம் என்பது ஆயிரக்கணக்கான முக்கோணங்கள். தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரிய வேண்டும், அதற்குத் தூரத்தால் வகுத்துவிடுவார்கள். எது முன்னால், எது பின்னால் என்று முடிவு செய்ய, ஒவ்வொரு பிக்ஸெலுக்கும் நிறத்தோடு தூரத்தையும் ஒரு எண்ணாக எழுதிவைத்து, கிட்டே இருப்பதை மட்டும் வைத்துக்கொள்வார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் கேட்மல் 1974-ல் தன் ஆராய்ச்சியில் விவரித்த முறை இது. பிறகு அவர் பிக்சார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். நான் செய்த முப்பரிமாண உருவம் ஒரு சுழலும் பெட்டி. அதுவே பெரும்பாடு.

தாத்தாவின் போட்டோ

இத்தனையும் படித்துக்கொண்டிருந்த அதே வருடம், லீவில் ஊருக்கு வந்தபோது தாத்தாவின் பழைய போட்டோ ஒன்றை ஸ்கேன் செய்தேன். அவர் தனியாக எடுத்துக்கொண்ட ஒரே போட்டோ. 1600-க்கு 1200 புள்ளிகளில் அருமையாக வந்தது. வெளியூரில் இருக்கும் மாமாவுக்கு ஈமெயிலில் அனுப்ப வேண்டும். டெலிபோன் லைனில் இன்டர்நெட். பைல் பெரிதாக இருந்ததால் 320-க்கு 240 ஆகக் குறைத்தேன். குறைத்துவிட்டு, 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு பெயரில் சேமிக்காமல், 'சேவ்' கொடுத்தேன். பழைய பைலின் மேலேயே புதியது உட்கார்ந்துவிட்டது. அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை. போட்டோதான் வீட்டில் இருக்கிறதே!

2005 மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. ஆல்பம் முழுக்க ஊறி, போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தாத்தா போட்டோவில் முகம் இருந்த இடம் உரிந்து வந்துவிட்டது. அவர் காலமானபோது, கூடத்தில் மாட்ட ஒரு அடி அகலத்தில் படம் வேண்டும் என்றார் பாட்டி. "நீ அன்னைக்கு கம்ப்யூட்டர்ல ஏத்தினியே, அது இருக்கும்ல?"

இருந்தது. 76,800 புள்ளிகள். ஸ்கேன் செய்தபோது இருந்தவை 19,20,000. இருபத்தைந்து புள்ளிகள் இருந்த இடத்தில் ஒரு புள்ளியை வைத்திருந்தேன். ஒரு அடி அகலத்தில் பிரிண்ட் போட்டால் அங்குலத்துக்கு 27 புள்ளிகள்கூட வராது. நல்ல போட்டோ பிரிண்ட்டுக்கு 300 வைப்பது வழக்கம். ஸ்டூடியோக்காரர் பெரிதாக்கிக் காட்டினார். பெரிதாக்கும்போது சாப்ட்வேர் செய்வது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் சராசரியை எடுத்து நடுவில் நிரப்புவதுதான் என்று எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். அந்தக் கணக்கைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். இருந்தும், எங்காவது அந்த முகம் தெளிந்து வந்துவிடாதா என்று திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூக்குக்கண்ணாடி வெள்ளைக் கறையாக இருந்தது. நெற்றியில் திருநீறா, வெளிச்சமா என்று தெரியவில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவில் இயங்கும் ப்ரோகிராம்கள் வந்துவிட்டன. சமீபத்தில் அந்தப் படத்தைக் கொடுத்துப் பார்த்தேன். இமை மயிர் வரை துல்லியமாக ஒரு முகம் வந்தது. ஆயிரமாயிரம் முகங்களைப் பார்த்துப் பழகிய ப்ரோகிராம், இந்த இடத்தில் இப்படி ஒரு கண் இருக்கலாம் என்று ஊகித்து வரைந்த முகம். அழகாக இருந்தது. தாத்தாவாக இல்லை. அந்தப் பைலை நான் சேமிக்கவில்லை.

அன்று பாட்டியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, படத்தை இரண்டரை அங்குல அகலத்தில் பிரிண்ட் எடுத்தேன். அங்குலத்துக்கு 128 புள்ளிகள் வந்தன. கையில் வைத்துப் பார்த்தால் ஓரளவு தெளிவாகவே இருந்தது. பெரிய பிரேமின் நடுவில் அந்தச் சின்னப் படத்தை ஒட்டி, சுற்றிலும் வெள்ளை அட்டை வைத்துக் கொடுத்தார் பிரேம் கடைக்காரர். கூடத்தில் இன்னும் அதுதான் தொங்குகிறது. கிட்டே போய்த்தான் பார்க்க வேண்டும்.